முதல் ஈடு

மும்பையில் கோகுலாஷ்டமிக்கு மறுநாள் தெருவுக்குத் தெரு பானை உடைப்பார்கள். மாரீஸ்வரியின் பானை மட்டும் இரண்டு வருடமாக ஒரு நாள் முந்தி, கோகுலாஷ்டமி அன்று சாயங்காலமே உடைந்துகொண்டிருந்தது. இரண்டு தடவையும் உடைத்தது உப்பு.

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால், மூன்றாவது சந்தில், பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து அவள் முறுக்கும் தட்டையும் போட்டு வந்தாள். அதற்கு முன்பு பதினோரு வருடம் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தவள். சட்டை முழுவதும் அல்ல, காலர் மட்டும். ஒரு நாளைக்கு முந்நூறு காலர். கழுத்து குனிந்தது குனிந்தபடியே நின்றுவிடுமோ என்று பயம் வந்த வருடத்தில்தான் வேலையை விட்டுவிட்டு எண்ணெய்ச் சட்டியைத் தூக்கினாள். கூட வந்தது புருஷனின் அக்கா பேராச்சி. பேராச்சிக்கு முறுக்குப் பிழிய வரும், வாயும் வரும். இரண்டும் நிற்காது. புருஷன் ராஜபாண்டி ரிக்ஷா ஓட்டுகிறவன். சரக்கைச் செம்பூருக்கும் குர்லாவுக்கும் கொண்டு போய்க் கொடுப்பது அவன் பொறுப்பு.

அந்த முறுக்கு எப்படியோ மாட்டுங்காவில் பாகீரதி மாமியின் பல்லில் பட்டது. அங்கே ஆரம்பித்தது வினை.

மாமி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருப்பவர். லிஃப்ட் கிடையாது, ஆனால் செல்வாக்கு உண்டு. மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், அணுசக்தி நகர் என்று நாற்பத்து மூன்று வீடுகள் பட்சணத்துக்கு மாமியின் வாயைப் பார்த்திருந்தன. மாமி கைகாட்டுகிற ஆளிடம்தான் வாங்குவார்கள். வருடாவருடம் சீடை போட்டுக் கொடுத்த பாலக்காட்டுச் சமையல்காரர் மகனோடு புனேக்குப் போய்விட்டார். மாமி மாரீஸ்வரியைக் கூப்பிட்டனுப்பினார். அறுபது கிலோ உப்புச் சீடை. அவள் அதுவரை பார்த்ததிலேயே பெரிய ஆர்டர்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கோ," என்றார் மாமி. "இது நைவேத்யத்துக்குப் போறது. கிருஷ்ணருக்கு வெக்கறதுக்கு முன்னாடி ஒருத்தர் நாக்கும் படப்படாது. ருசி பாக்கறேன் பேர்வழின்னு ஒண்ண எடுத்து வாயில போட்டுண்டா மொத்தமும் எச்சில். குளிச்சுட்டுப் பண்ணணும். அடுப்பு முன்னாடி பேசப்படாது, எச்சில் தெறிக்கும்."

சாமி காரியம் என்றால் நம் ஜனங்கள் சொன்னதைச் செய்யமாட்டார்கள், சொன்னதற்கு மேலே செய்வார்கள். மாரீஸ்வரி தானும் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டாள், பேராச்சிக்கும் கட்டிவிட்டாள், உதவிக்கு வந்த பக்கத்துச் சந்துப் பெண்கள் இருவருக்கும் கட்டிவிட்டாள். எட்டிப் பார்த்த ராஜபாண்டி, "என்னட்டி, பேங்க் கொள்ளையடிக்கப் போறீயளா?" என்று கேட்டான். பதில் சொல்ல ஆளில்லை.

உலகத்தில் எந்த அடுப்படியிலும் ஒரு கேள்வி உண்டு. "ஏட்டி, உப்பு போட்டாச்சா?" சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட மாமியாரும் மருமகளும்கூட அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்வார்கள். அன்றைக்கு அதைக் கேட்க வாய் இல்லை. பேராச்சி மாவு சலிக்கும்போது முறுக்குக்குப் போடுகிற பழக்கத்தில் உப்பையும் சேர்த்துச் சலித்தாள். மாரீஸ்வரி பெருங்காயத் தண்ணீரில் உப்பைக் கரைத்து அதே மாவில் ஊற்றினாள். ஒவ்வொரு தடவை மாவு பிசைந்தபோதும் இதே கதை. அறுபது கிலோவும் உருண்டு, உலர்ந்து, பொரிந்து, ஒன்றுகூட வெடிக்காமல் பொன்னாக வந்தது. ருசி பார்க்கத்தான் கூடாதே.

கோகுலாஷ்டமி அன்று மாலை ஆறரைக்குப் போன் வந்தது. மாமி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"மாரீஸ்வரி, கிருஷ்ணர் ஒண்ணும் சொல்லலை. மாமா துப்பிட்டார்."

மாரீஸ்வரி டப்பாவில் மீந்து கிடந்த ஒரு சீடையை எடுத்து வாயில் போட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. முதலில் உப்புக்கு வந்தது, பிறகு அவளுக்காகவும் வந்தது. "மாஹிம் கடல்ல கொட்டிருவோமா?" என்று ராஜபாண்டி கேட்டான். "வேண்டாம்ல, கடல் கரிச்சுப்போகும்" என்றாள் பேராச்சி. யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் போனை அணைத்துப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளத்தான் தோன்றியது. ஆனால் படுத்தால் எழுந்திருக்கமாட்டோம் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். முறுக்குப் பொட்டலங்களைப் பையில் அடுக்கிக்கொண்டு கிளம்பினாள். கெட்ட சீடையைத் திரும்ப வாங்கிக்கொண்டு முறுக்கைக் கொடுப்பது, ஒரு வீடு விடாமல். செம்பூருக்கு ராஜபாண்டியின் ரிக்ஷா. அணுசக்தி நகர் வாசலில் நிற்க வைத்துவிட்டார்கள், வீட்டுக்காரர்கள் கேட்டுக்கு வந்து வாங்கிப் போனார்கள். முலுண்டுக்கு லோக்கல். மாட்டுங்காவுக்குள் ரிக்ஷா போகக்கூடாது என்பது சட்டம், அதனால் சயானில் இறங்கித் தலைச்சுமையாக நடை. நாற்பத்து மூன்று கதவு, நாற்பத்து மூன்று தடவை "தப்பு எங்களோடதுதாங்க." இருபதாவது கதவுக்கு மேல் அழுகை நின்றுபோய், கேள்வி வந்தது. "உப்பு தவிர வேற என்னங்க சரியில்ல?" ஒருத்தர் கடுக்கென்று இருக்கிறது என்றார். ஒருத்தர் தேங்காய் போதாது என்றார். அதையெல்லாம் ரயில் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த ஆடியில் மாமி மறுபடி கூப்பிட்டார். அவளுக்கே நம்ப முடியவில்லை.

"தப்பு பண்ணினவா எத்தனையோ பேரைப் பாத்தாச்சு. எல்லாரும் போனை ஆஃப் பண்ணிடுவா," என்றார் மாமி. "நீ படியேறி வந்தே. முப்பது கிலோ தரேன். ஜாக்ரதை."

ஜாக்கிரதைக்குக் குறைச்சலே இல்லை. உப்பு டப்பாவை மாரீஸ்வரி தவிர யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டாள். வாய்க்கட்டை அவிழ்த்து, அடுப்பு பக்கம் மட்டும் பேச்சு வேண்டாம் என்று தளர்த்தினாள். மாவுக்கு இத்தனை கரண்டி என்று கணக்கு வைத்தாள். எல்லாம் சரி. ஆனால் அந்தக் கரண்டிக் கணக்கு தூள் உப்புக்கு உள்ளது. சாமிக்குப் போவதாயிற்றே, பாக்கெட் உப்பு வேண்டாம், கல்லுப்புதான் சுத்தம் என்று அவளாக மாற்றிக்கொண்டாள். கரண்டியில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே எவ்வளவு காற்று இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? போதாததற்குச் சூடு கண்ட பூனையின் பயம் வேறு. ஒவ்வொரு கரண்டியையும் தலை தட்டியே போட்டாள்.

மாலை ஆறு நாற்பதுக்குப் போன் வந்தது.

"இந்த வருஷம் மாமாவுக்கு மட்டும் ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றார் மாமி. "டாக்டர் சொன்ன மாதிரியே பண்ணியிருக்காளேன்னு நாலு கை அள்ளிட்டார். பாக்கி இருக்கற வீட்டுல எல்லாருக்கும் பி.பி. இல்லையே மாரீஸ்வரி, நான் என்ன பண்ணுவேன்?"

மறுபடியும் படிகள். ஆனால் இந்தத் தடவை கதவுகளுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. முலுண்டில் ஒரு பெரியவர் சிரித்தே விட்டார். "வாம்மா, போன வருஷம் கடல், இந்த வருஷம் குளம். உட்கார், காபி குடிச்சுட்டுப் போ." அவள் உட்கார்ந்து காபியைக் குடித்தாள். தோற்றுப்போனவளுக்குக் காபி கொடுக்கிற ஊரில் இன்னும் ஒரு தடவை தோற்றுப் பார்க்கலாம் என்று ரயிலில் வரும்போது நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தைரியம் போய்விட்டது, அது வேறு விஷயம்.

மூன்றாவது வருடம் விளையாட்டில்லை. அறையின் பதினோரு மாத ஒப்பந்தம் கோகுலாஷ்டமிக்கு மறுவாரம் முடிகிறது. முறுக்கை மட்டும் வைத்து அந்த வாடகையை இழுத்துப் பறித்தும் இன்னொரு வருடம் ஓட்ட முடியாது. மாமியின் வீடுகள் சீடையைப் பார்த்துத்தான் தீபாவளிக்கு யாரிடம் சொல்வது என்று முடிவெடுக்கும். தீபாவளி வந்தால் அறை நிற்கும். வராவிட்டால் சட்டைக் கம்பெனி. சூப்பர்வைசர் கண்ணா அவளிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார், காலர் மெஷின் ஒன்று காலி, திங்கட்கிழமை வந்தால் உட்காரலாம் என்று. ராஜபாண்டியும் ஒன்றும் கல்நெஞ்சுக்காரன் இல்லை. "மாரி, மூணு தடவ பாத்தாச்சுன்னா மனசுக்குச் சமாதானம்லா? டென்ஷன் எடுக்காத, இந்தத் தடவ நடக்கலன்னா விட்டுருவோம்," என்றான். அவளும் சரி என்று தலையாட்டிவிட்டாள். மாமி கொடுத்தது இருபது கிலோ.

"இந்தத் தடவையும் சொதப்பினா, நான் ஸ்டேஷன் ரோட்டுல முக்காடு போட்டுண்டுதான் நடக்கணும்," என்றார்.

மாரீஸ்வரி சின்னத் தராசு ஒன்று வாங்கினாள், கிராம் காட்டுவது. இனிமேல் கரண்டி இல்லை, எடைதான். முதல் வருடம் பேசாததால் கெட்டது, இரண்டாம் வருடம் அளவால் கெட்டது. இரண்டையும் அடைத்தாயிற்று. ஆனாலும் ராத்தூக்கம் வரவில்லை. அடைக்காத ஓட்டை ஒன்று எங்கேயோ இருக்கிறது என்று வயிறு சொல்லிக்கொண்டே இருந்தது.

ஆடி அமாவாசை அன்று அந்த ஓட்டை கண்ணில் பட்டது.

செத்துப்போன அவள் அப்பாவுக்குப் படையல். இலை போட்டு, சோறும் சாம்பாரும் வாழைக்காயும் வைத்து, கும்பிட்டு, கூரைத் தகரத்தின் மேல் காக்கைக்கு ஓர் உருண்டை வைத்தபிறகுதான் வீட்டில் சாப்பாடு. அதுவரைக்கும் யாரும் எதையும் வாயில் வைக்கக்கூடாது. ராஜபாண்டி முதல் கவளத்தை விழுங்கிவிட்டு, "சாம்பார்ல உப்பு இல்லட்டி," என்றான். மாரீஸ்வரி உள்ளே போய், பானையில் மிச்சம் இருந்த சாம்பாரில் உப்பைப் போட்டுக் கலக்கினாள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். சரியாக இருந்தது. கரண்டியை வைக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"மதினி," என்று கூப்பிட்டாள். "சாமிக்கு முந்தி நாம வாயில வைக்கக்கூடாது. அம்புட்டுதான?"

"ஆமா."

"வச்சாச்சுன்னா?"

"வச்சாச்சுன்னா பிரசாதம். ஊரே திங்கலாம்." பேராச்சி அப்பளத்தை நொறுக்கினாள். "எதுக்குட்டி கேக்க?"

"அப்ப மாவுல ஒரு பிடி எடுத்து முதல்ல பொரிச்சு, நம்ம சாமிக்கு வச்சுட்டா? நம்ம நாக்குக்குத் தடை இல்லல்லா? உப்பு சரியா இருந்தா மிச்ச மாவ மாமிக்குப் பொரிப்போம். இல்லன்னா அந்த மாவ நிப்பாட்டிருவோம்."

பேராச்சியின் வாய் திறந்தபடி நின்றது. அவள் வாய் சத்தமில்லாமல் திறந்திருந்து அந்தக் குடும்பம் பார்த்ததில்லை. பிறகு சொன்னாள், "நல்லாத்தான் இருக்கு. ஆனா மாமிட்ட மூச்சு விடாத. அவுக ஒத்துக்கிட மாட்டாக."

மாமியிடம் சொல்ல வேண்டும் என்று மாரீஸ்வரி தினமும் நினைத்தாள். போனைக் கையில் எடுத்தால் தைரியம் கீழே போய்விடும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே மூன்று வாரம் ஓடிவிட்டது.

கோகுலாஷ்டமிக்கு முதல் நாள். நாலு நாளாக விடாத மழை, சந்தெல்லாம் கணுக்கால் தண்ணீர். ஒரு நகை அடகுக் கடைக் காலண்டரில் வெண்ணெய்ப் பானையோடு உட்கார்ந்திருந்த கிருஷ்ணருக்குப் பொட்டு வைத்து, அறையின் மூலையில் எண்ணெய் டின் மேல் சாய்த்து நிறுத்தினாள். கீழே அரிசி மாவில் இரண்டு குட்டிப் பாதம். உப்பைத் தராசில் நிறுத்தாள், பேராச்சி எண்ணைப் பார்த்துத் தலையாட்டினாள், ஒருவருக்கொருவர் இரண்டு தடவை சத்தமாகச் சொல்லிக்கொண்டார்கள். முதல் மாவில் ஒரு பிடி எடுத்து உருட்டிப் பொரித்து, அந்த முதல் ஈட்டைக் கிண்ணத்தில் போட்டுக் கிருஷ்ணருக்கு முன்னால் வைத்தார்கள். சூடம் காட்டினார்கள். பிறகு உதவிக்கு வந்த பெண்கள் இருவரோடு சேர்த்து நாலு பேரும் ஆளுக்கொன்று வாயில் போட்டார்கள்.

உப்பு போதவில்லை.

மாரீஸ்வரி தராசைத் திரும்பப் பார்த்தாள். எடை சரி, எண் சரி, கை சரி. பிறகு எங்கே? பேராச்சிதான் உப்புப் பைக்குள் கையை விட்டாள். வெளியே எடுத்த விரல்கள் நனைந்து மினுங்கின. நாலு நாள் மழையில் உப்பு தண்ணீரைக் குடித்துக் கசிந்து கிடந்தது. தராசு நிறுத்ததில் பாதி மழை.

"பாத்தியாட்டி," என்றாள் பேராச்சி மெதுவாக. "ருசி பாக்கலன்னா இந்த வருசமும் படியேறி இருப்ப."

தராசை நம்பி இருபது கிலோவையும் பொரித்திருப்பாள். திங்கட்கிழமை காலர். உப்பை வாணலியில் போட்டு ஈரம் போக வறுத்து, ஆறவைத்து, மறுபடி நிறுத்தாள். புது மாவு, புது ஈடு. கிருஷ்ணருக்கு அன்றைக்கு இரண்டாவது பந்தி. சூடம் காட்டி முடித்ததும் சவாரி விட்டு வந்த ராஜபாண்டியும் சேர்ந்துகொள்ள, ஐந்து பேரும் ஆளுக்கு இரண்டாக வாயில் அடைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி கடக் கடக் என்று மென்றுகொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் குடையை மடக்கும் சத்தம் கேட்டது.

பாகீரதி மாமி. புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, ஒரு கையில் குடை, ஒரு கையில் பை. மூன்று வருடத்தில் மாமி தாராவிக்குள் கால் வைத்தது அன்றுதான்.

"ராத்திரி பூரா தூக்கமே வரலை. கண்ணால பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்," என்ற மாமி, ஐந்து பேரின் கன்னத்தையும் பார்த்தார். மெல்லுவது நின்றது. "என்ன அது வாயில?"

பேராச்சி மடக்கென்று விழுங்கினாள்.

"வெத்தல, மாமி," என்றாள்.

பொய் நன்றாகத்தான் இருந்தது. மாமி நம்பியும் இருப்பார். மாரீஸ்வரி வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தால் போதும், சீடை மாட்டுங்கா போய்ச் சேரும், உப்பும் சரி, அறையும் நிற்கும். அவளுக்கு அந்த வழி பளிச்சென்று தெரிந்தது. கூடவே வேறொன்றும் தெரிந்தது. இரண்டு வருடமும் கதவு கதவாக நின்று சொன்ன உண்மையால்தான் இந்த மாமி அவளுக்கு மூன்றாம் தடவை ஆர்டர் கொடுத்தார். இப்போது ஒரு வெற்றிலையை வைத்து அதை மூட முடியாது.

"வெத்தல இல்ல மாமி. சீடை."

ராஜபாண்டி கண்ணை மூடிக்கொண்டான்.

"சீடையா?" மாமியின் குரல் இறங்கியது. "எச்சில் பண்ணிட்டியா? அத்தனை தடவை சொன்னேனே."

"சாமிக்கு வச்சுட்டுத்தான் தின்னோம் மாமி." மாரீஸ்வரி மூலையைக் காட்டினாள். "உங்க மாவுலயே ஒரு பிடி பிரிச்சு, முதல் ஈடு பொரிச்சு, அவருக்கு வச்சுச் சூடம் காட்டுனோம். பொறவு நாங்க தின்னோம். உங்க சீடை இன்னும் எண்ணெயிலயே விழல. அந்தா துணியில கெடக்கு பாருங்க. அதுல யார் நாக்கும் படல. காலையில மொதல் தடவ பாத்தப்ப உப்பு பத்தல மாமி, உப்பு மழைத்தண்ணியக் குடிச்சிருந்துச்சு. பாக்காம விட்டிருந்தா இந்த வருசமும் போச்சு. உங்ககிட்ட முன்னாடியே சொல்லணும்னு நெனச்சேன். பயம். வேண்டாம்னா சொல்லிருங்க. முறுக்கு மட்டும் கொண்டு போங்க, நான் எல்லா வீட்டுக்கும் வந்து சொல்லுறேன்."

மாமி வெள்ளைத் துணியில் பரப்பியிருந்த பச்சைச் சீடையைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். மாவுப் பாதத்தையும் அணைந்த சூடத்தின் கரியையும் பார்த்தார். வெளியே எவனோ பானை உடைப்புக்கு ஸ்பீக்கரைச் சோதித்துக்கொண்டிருந்தான், "ஹலோ, ஹலோ" என்று. மாரீஸ்வரிக்குக் காலர் மெஷினின் சத்தமே காதில் கேட்டுவிட்டது.

"செருப்பை எங்க விடறது?" என்றார் மாமி.

யாருக்கும் உடனே புரியவில்லை. ராஜபாண்டிதான் பாய்ந்து ஒரு சாக்கை எடுத்துப் போட்டான். மாமி செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து, எண்ணெய் டின்னுக்கு முன்னால் நின்று கும்பிட்டார். பிறகு திரும்பி வலது கையை நீட்டினார்.

"பிரசாதம் கொடு."

மாரீஸ்வரி கிண்ணத்திலிருந்து இரண்டை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தாள். மாமிக்கு வலப்பக்கக் கடைவாயில் பல் இல்லை. இடப்பக்கமாகவே மெல்ல மெல்ல மென்றார். ஒரு சீடையைத் தின்ன ஒரு மனுஷிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அன்றைக்கு அந்த அறையில் இருந்த ஐந்து பேரும் தெரிந்துகொண்டார்கள். முதலாவது போயிற்று. மாமி கண்ணை மூடி இரண்டாவதையும் போட்டுக்கொண்டார்.

"உப்பு இருக்கு," என்றார். "அளவா இருக்கு. பெருங்காயம் ஒரு சிட்டிகை தூக்கல்."

பெருங்காயம் பேராச்சியின் பொறுப்பு. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாரீஸ்வரி அப்படியே மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருடமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கி அந்தண்டை வைத்த மாதிரி இருந்தது.

மாமியும் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நாப்பத்தியோரு வருஷமா எங்காத்துல கோகுலாஷ்டமி பண்றேன். சாயங்காலம் நைவேத்யம் ஆகறவரைக்கும் வயித்துல புளியைக் கரைக்கும். உப்பு சரியா இருக்கான்னு தெரியாது, யாரையும் கேக்கவும் முடியாது. மணி அடிச்ச உடனே திருட்டுப் பூனை மாதிரி உள்ளே ஓடி முதல் சீடையை நான்தான் வாயில போட்டுப்பேன். நாப்பத்தியோரு வருஷத்துல இது என் புத்திக்கு எட்டலையே!"

"எனக்கும் ரெண்டு வருசம் எட்டல மாமி."

"முன்னாடியே சொல்லியிருக்கப்படாதோ?"

"சொல்லியிருந்தா சரின்னிருப்பீயளா?"

மாமி யோசித்தார். "மாட்டேன்," என்றார் உண்மையாக. "உப்புக்காகப் பண்ணினியோ பக்திக்காகப் பண்ணினியோ, கிருஷ்ணருக்கு ரெண்டு தடவை கிடைச்சது." பிறகு பேராச்சியைப் பார்த்து, "அந்த வெத்தலை இருந்தா ஒண்ணு கொடேன்," என்றார். அறையே இடிந்துவிடுகிற மாதிரி சிரித்தது. ராஜபாண்டிக்குச் சீடை புரைக்கேறி, தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

ஒவ்வொரு மாவிலும் ஒரு பிடி, ஒவ்வொரு பிடியும் முதலில் மூலைக்கு. இருபது கிலோவும் சாயங்காலத்துக்குள் முடிந்தது. மறுநாள் காலை மழையோடு மழையாகச் சயான் வரை ரிக்ஷாவிலும் அங்கிருந்து தலைச்சுமையாகவும் எல்லாம் போய்ச் சேர்ந்தது.

கோகுலாஷ்டமி மாலை ஆறு மணிக்கு நாலு பெண்களும் ராஜபாண்டியும் அறையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வேலை ஒன்றும் கிடையாது. நடுவில் தராசின் மேல் போன். சரியான உப்பைத் தன் நாக்கால் பார்த்தவள்தான், மாமியின் வாயால் கேட்டவள்தான். என்றாலும் பயத்துக்கு அறிவு எங்கே இருக்கிறது? ஆறரை ஆயிற்று. ஆறு நாற்பது ஆயிற்று. போன் அடிக்கவில்லை. ஏழு மணிக்குப் பேராச்சி, "போன்ல சார்ஜ் இருக்காட்டி?" என்று கேட்டாள். இருந்தது. அது அடிக்காமல் கிடப்பது எவ்வளவு இன்பமாக இருக்கிறது என்று மாரீஸ்வரி ஒவ்வொரு நிமிடமும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஏழே முக்காலுக்கு அடித்தது.

"ஏண்டியம்மா, பயந்துண்டு உக்காந்திருக்கியா?" என்றார் மாமி. பின்னால் குழந்தைகள் சத்தம். "டப்பா காலி. செம்பூர்லேருந்து ரெண்டு பேர் இன்னும் இருக்கான்னு கேட்டுட்டா. அந்த முலுண்ட் மாமா, கடல், குளம் எல்லாம் போயி இப்பத்தான் தாமிரபரணின்னு சொல்லச் சொன்னார். எங்காத்து மாமாதான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டிருக்கார், பி.பி. மாத்திரையைப் போட்டுண்டு. தீபாவளிக்கு லிஸ்ட் எழுதிண்டிருக்கேன். நாளைன்னிக்கு வந்து வாங்கிக்கோ. படியேறி வந்துதான் பழக்கமாச்சே உனக்கு."

மாரீஸ்வரி போனை வைத்தாள். என்ன என்று எல்லாரும் கேட்டார்கள். அவளுக்குத் தீபாவளி என்ற ஒரு வார்த்தைதான் வந்தது. அது போதுமானதாக இருந்தது. பேராச்சி துண்டை எடுத்துத் தன் கண்ணைத் துடைத்துவிட்டு, அதே துண்டால் அவள் முகத்தையும் அழுத்தித் துடைத்துவிட்டாள். ராஜபாண்டி வாசலுக்குப் போய், சூப்பர்வைசர் கண்ணாவுக்குப் போன் போட்டு, "மெஷினை வேற யாருக்காவது குடுத்துருங்க சேட்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.

மூலையில் கிருஷ்ணருக்கு முன்னால் கிண்ணத்தில் நாலு சீடை மிச்சம் இருந்தது. மாரீஸ்வரி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மூன்று வருடத்தில் எத்தனையோ சீடை தின்றிருக்கிறாள், எல்லாமே என்ன குறை என்று தேடித் தின்றது. இது மொறுமொறுவென்று உடைந்து, தேங்காயும் எள்ளும் வெண்ணெயுமாகக் கரைந்தது. பெருங்காயம் ஒரு சிட்டிகை தூக்கல்தான். நன்றாக இருந்தது. இன்னொன்றை எடுத்துக்கொண்டாள்.